தைலம் தடவும் முன்: வேலையால் வரும் தசைநாண் வலி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டும் மேஜை இருக்கும். தைத்து வந்த துணியில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்ன டிரிம்மரால் கத்தரித்துத் தள்ளுவதுதான் அங்கே வேலை. பார்க்க லேசாகத் தெரியும். மூட்டை தூக்க வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். ஆனால் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். டிரிம்மரை அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. ஒன்றரை ஷிப்ட் முடிவதற்குள் அந்த ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் நடந்துவிடும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு நாள் மாலை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் சுரீர் என்று இழுக்கும். மறுநாள் காலையில் டீ டம்ளரைத் தூக்கவே கை யோசிக்கும். சுளுக்கு என்று தைலம் தடவி, மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி அதே மேஜைக்குப் போவார்கள்.

அது பெரும்பாலும் சுளுக்காக இருக்காது. தசைநாண் அழற்சி. தையல் மெஷின், மவுஸ், பெயின்ட் பிரஷ், பரோட்டாக் கல், கைக்குழந்தை என்று எதைப் பிடித்து உழைக்கிறவருக்கும் வரக்கூடியது. இதற்கான வைத்தியத்தில் பாதிக்கு மேல் நீங்கள் வேலை பார்க்கும் முறையில்தான் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைப்பது மிச்சம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறப் பட்டைதான் தசைநாண். பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. உள்ளங்கையை மேலே காட்டி, முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். மணிக்கட்டுக்கு நடுவில் புடைத்து நிற்பது ஒரு தசைநாண். இன்னொன்றும் பாருங்கள்: விரல்களை மடக்கி நிமிர்த்தும்போது முன்கையில்தான் சதை அசையும். விரல்களுக்குள் தசை கிடையாது. முன்கையில் இருக்கும் தசைகள் நீளமான நாண்கள் வழியாக விரல்களை இழுத்து ஆட்டுகின்றன. நாளெல்லாம் மவுஸைச் சொடுக்குகிறவருக்கு முழங்கையில் வலி வருவது இதனால்தான்.

சில இடங்களில் நாண் ஓர் உறைக்குள் வழுக்கி ஓடுகிறது, பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுகிற மாதிரி. உறை வீங்கினாலும் நாண் தடித்தாலும் ஓட்டம் சிக்கும்.

தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம். நாணுக்கு அப்படி இல்லை. அதனால் பழுது பார்க்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கடுமையாக உழைத்த பிறகு நாணில் கொலாஜன் சிதைவதும் புதிதாக உருவாவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும், அதன்பிறகுதான் கட்டுமானம் முந்தும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் ஒரு வியப்பான விஷயத்தைச் சொன்னார்கள். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பனின் தடயத்தை வைத்து, குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். சுமார் 17 வயதுக்குள் உருவான நடுப்பகுதி, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. பள்ளி வயதில் கிடைத்த நாணை வைத்துத்தான் ஓய்வு பெறும்வரை ஓட்டுகிறோம்.

இன்னொரு சிக்கல். அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் 1979இல், நாள்பட்ட முழங்கை வலிக்காரர்களின் நாண் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதினார். அழற்சிக்கு உரிய அணுக்கள் அங்கே பெரிதாகத் தென்படவில்லை. ஒழுங்காகப் படியாத இழைகளும் தாறுமாறாக வளர்ந்த நுண் ரத்தக்குழாய்களும்தான் இருந்தன. ஆக, முதல் சில நாட்களில் இருப்பது அழற்சியாக இருக்கலாம். மாதக்கணக்கில் இழுத்தால் அது சீர்கெட்ட திசு. அழற்சியைக் குறைக்கும் மாத்திரையை மூன்று மாதம் விழுங்கினாலும் வலி திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

எப்படி வலிக்கும்?

இந்த வலிக்கு ஒரு தினசரிப் போக்கு உண்டு. காலையில் எழுந்ததும் விறைப்பு. வேலையைத் தொடங்கும்போது வலிக்கும். கை சூடேறியதும் குறைந்துவிடும். 'சரியாகிவிட்டது' என்று நினைத்து முழு வேகத்தில் இறங்குவோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, அல்லது மறுநாள் காலையில், முன்னைவிட மோசமாக வரும். நடுவில் கிடைக்கும் அந்த வலியில்லாத இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. பலரும் மருத்துவரிடம் தாமதமாகப் போவதற்குக் காரணம் இதுதான் என்பேன்.

மற்ற அறிகுறிகள்: வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடியும். அங்கே அழுத்தினால் வலி கூடும். லேசான வீக்கம் இருக்கலாம். உறை பாதிக்கப்பட்டால், அசைக்கும்போது நெறுநெறுவென்று உரசுவது கைக்கே தெரியும். பிடி தளரும். பாட்டில் மூடியைத் திறப்பது, துணி பிழிவது, சாவி திருப்புவது, பைக் கிளட்சை இழுப்பது எல்லாம் திடீரென்று பெரிய வேலைகளாகிவிடும்.

இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு ஓரத்தில் வருவதற்கு டி குவெர்வெய்ன் நோய் என்று பெயர். 1895இல் அதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர் அது. பிசிறு வெட்டுகிறவர்கள், ஈரத் துணியை முறுக்கிப் பிழியும் துப்புரவுப் பணியாளர்கள், போனில் கட்டைவிரலாலேயே தட்டச்சு செய்கிறவர்கள், இவர்களோடு பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களும் இந்தப் பட்டியலில் உண்டு. குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குவதுதான் அவர்கள் விஷயத்தில் காரணம். ஒரு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் இன்னொரு கையை முதுகுக்கும் கொடுத்து அள்ளித் தூக்கினால் கட்டைவிரல் தப்பும். சோதிக்க எளிய வழி உண்டு: கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். ஓரத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. லேசான இழுப்பு எல்லோருக்கும் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் அது டென்னிஸ் எல்போ. டெண்டுல்கரால் ஊருக்கெல்லாம் தெரிந்த வியாதி இது. இடது முழங்கைக்கு 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன் அடித்துத் திரும்பி வந்தார். பெயரில் டென்னிஸ் இருந்தாலும், 1873இல் ஜெர்மன் மருத்துவர் ருங்கே இதை முதலில் விவரித்தது எழுத்து வேலையால் வரும் கைப்பிடிப்பு பற்றிய கட்டுரையில்தான். மேஜை வேலைக்காரர்களுக்கு இதில் டென்னிஸ் ஆட்டக்காரர்களைவிட மூத்த உரிமை இருக்கிறது! ஸ்க்ரூடிரைவர் திருப்பும் எலக்ட்ரீஷியன், கொல்லறு பிடிக்கும் கொத்தனார், மாவைத் தூக்கி அடிக்கும் பரோட்டா மாஸ்டர், மவுஸை எட்டிப் பிடிக்கும் ஐ.டி. ஊழியர் எல்லோருக்கும் வரும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, முழங்கையை மடக்காமல், பிளாஸ்டிக் நாற்காலியை அதன் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வெளிப்புற எலும்பு முனையில் சுள்ளென்றால் அதுதான்.

தோளில் வந்தால், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் வலித்து, முழுக்க மேலே போனதும் குறையும். சீலிங் பூசும் பெயின்டர், தலைக்கு மேல் ரேக் அடுக்கும் கடை ஊழியர், கரும்பலகை ஆசிரியர் இவர்களுக்கு இது அதிகம். விரல் மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபட்டால் அது டிரிகர் ஃபிங்கர். சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக வருகிறது. குதிகால் நாணில் வருவது ஓடுகிறவர்களுக்கும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கும்.

ஏன் சிலருக்கு மட்டும்?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி தொழில்நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். 1713இல் வந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களும் இடம்பெற்றார்கள். அவர்களின் துன்பத்துக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் இடைவிடாமல் அசைவது, பிழை வந்துவிடக்கூடாதே என்ற மன அழுத்தம். முந்நூறு ஆண்டு கழித்து எந்த பி.பி.ஓ. அலுவலகத்துக்குப் போனாலும் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

ஒரே அசைவு, அதோடு விசை, அதோடு கோணலான நிலை. இம்மூன்றில் இரண்டு சேர்ந்தாலே ஆபத்து கூடுகிறது. மழுங்கிய கத்தரியால் வெட்டுகிறவர் கூர்மையான கத்தரிக்காரரைவிட ஒவ்வொரு வெட்டுக்கும் அதிகம் அழுத்துகிறார். பத்து ரூபாய் சாணைக்கூலியை மிச்சம் பிடித்துக் கையைக் கெடுத்துக்கொள்வது நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணம். அதிரும் டிரில்லிங் மெஷினும் நாணுக்குக் கெடுதல்.

ஆனால் எல்லாவற்றையும்விட நான் எச்சரிக்க விரும்புவது திடீர் ஏற்றத்தைத்தான். பழகிய சுமையை நாண் தாங்கும். பழகாத சுமை ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் தாங்காது. தீபாவளிக்கு முந்தைய மாதம் தையல்காரர்களுக்கும், மார்ச் கணக்கு முடிப்பில் அலுவலகக்காரர்களுக்கும், புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தில் யாருக்கும் இது நேரும். நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பும் முதல் வாரமும் அப்படித்தான். கை ஓய்ந்திருக்கும், டார்கெட் மட்டும் பழையபடி இருக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு இடைவேளை எடுத்தால் காசு குறையும் என்ற கணக்கு வேறு. அவரிடம் போய் 'ஓய்வெடுங்கள்' என்று சொல்வது மட்டும் போதாது.

உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. நாற்பது தாண்டிய வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், மிகை கொழுப்பு. பலரும் அறியாத ஒன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாணைப் பாதிக்கலாம், அபூர்வமாக அறுத்தும் விடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் இவற்றுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையே விதித்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். இம்மாத்திரை சாப்பிடும் நாட்களில் குதிகாலிலோ தோளிலோ புதிதாக வலி வந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரை அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. வைத்தியம் வேறு. இரண்டு கைகளிலும் பல மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டுவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய தருணங்கள்: 'பட்' என்று ஏதோ அறுந்தது போலாகி, விரலை மடக்கவோ குதிகாலை உயர்த்தவோ முடியாமல் போவது. ஊசியோ முள்ளோ குத்திய விரல் முழுவதும் வீங்கிச் சிவந்து, நிமிர்த்தினால் துடிப்பது. இது உறைக்குள் சீழ் பிடிப்பதாக இருக்கலாம், ஓர் இரவு தாமதித்தாலும் விரல் போகலாம். இடது தோள் வலியோடு வியர்வை, மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் வருவது. அது இதய வலியாக இருக்கலாம். அப்போது தைலத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வேலையை எப்படி மாற்றுவது?

வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே நடவடிக்கை எடுத்தால் பெரும்பாலும் லேசில் முடியும். முழு ஓய்வு தேவையில்லை. நாணைச் சும்மா போட்டாலும் அது பலம் இழக்கும். வலிக்கும் அசைவை மட்டும் குறைத்து, மற்ற வேலைகளைத் தொடர்வதே சரியான வழி.

அரை மணிக்கு ஒருமுறை அரை நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். பீஸ் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. ஒல்லியான பிடியுள்ள கருவிகளுக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், அழுத்த வேண்டிய விசை குறையும். கத்தரி, டிரிம்மர், கத்தி எல்லாம் கூராக இருக்கட்டும். தையல் நாற்காலியின் உயரம், முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி இருக்க வேண்டும். பலகை ஒன்றைப் போட்டாலே நடக்கும். பெயின்டர்கள் ரோலருக்கு நீளக் கம்பு மாட்டுங்கள், அல்லது சாரத்தை உயர்த்துங்கள். கை தோளுக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். திரையைப் புத்தகங்கள் மேல் ஏற்றி வைத்தால் போதும், ஸ்டாண்டு தேவையில்லை. மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும், எட்டிப் பிடிக்கும்படி வேண்டாம். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு பழைய வேகத்திலேயே தட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அது வலியை மறைத்துச் சேதத்தைக் கூட்டும் வேலை.

மேற்பார்வையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். 'கை வலிக்குது' என்று மொட்டையாகச் சொன்னால், 'யாருக்குத்தான் வலிக்கலை?' என்று பதில் வரும். எந்த வேலை, எவ்வளவு நாளாக, என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லுங்கள். "அண்ணா, ரெண்டு வாரமா கட்டைவிரல் பக்கம் வலிக்குதுங்க. பிசிறு வெட்டுறப்பத்தான் வருது. இந்த வாரம் பாதி நாள் செக்கிங்ல போடுங்க, மீதி நாள் இதையே பாக்கறேன்." இப்படிக் கேட்டால் அவருக்கும் ஆள் குறையாது, மறுக்கக் காரணமும் இருக்காது. அலுவலகத்தில் இதையே மின்னஞ்சலாக அனுப்புங்கள், தேதியோடு பதிவாகும்.

மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வார்த்தை. பழகிய கை ஒன்று ஆறு மாதம் படுத்தால், புது ஆளைப் பிடித்துப் பழக்குவதற்குள் எத்தனை டேமேஜ் பீஸ் விழும் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு மணிக்கொருமுறை ஆட்களை மேஜை மாற்றிப் போட ஒரு பைசா செலவில்லை.

டாக்டரிடம் போனால்

வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எலும்பியல் மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பாருங்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், நாணைக் காட்டாது. தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டு எடுப்பார்கள். எங்கே, எந்த அசைவில், எத்தனை மணி நேர வேலைக்குப் பின் வலிக்கிறது என்று சொன்னாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

வலி மாத்திரைகளை நாமாக வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் அதைவிடப் பாதுகாப்பானது. ஸ்டீராய்டு ஊசி பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: கட்டைவிரல் ஓர வலிக்கும் டிரிகர் ஃபிங்கருக்கும் அது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. டென்னிஸ் எல்போவுக்கு முதல் சில வாரம் அற்புதமாக வேலை செய்யும், ஆனால் ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'ஒரே ஊசியில் சரியாகும்' என்று யாராவது சொன்னால் எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று இழுப்பவர்களிடம் இந்தக் கையைக் கொடுக்காதீர்கள்.

நாள்பட்ட நாண் வலிக்கு இன்று நம்பிக்கை தரும் வைத்தியம், மெதுவாகச் சுமை ஏற்றும் பயிற்சி. இதன் பின்னணியில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஸ்வீடன் எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்குக் குதிகால் நாண் வலி. அறுவை செய்யும் அளவுக்கு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நாணை அறுத்துக்கொண்டாலாவது அறுவை செய்வார்கள் என்று படியில் நின்று குதிகாலை இறக்கி இறக்கி முரட்டுத்தனமாகப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை, வலிதான் போனது. 1998இல் 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் அதே பயிற்சியைக் கொடுத்து முடிவை வெளியிட்டார். முழங்கைக்கும் தோளுக்கும் இதே அடிப்படையில் பயிற்சிகள் வந்துவிட்டன. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம். செய்யும்போது லேசாக வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் சுமையைக் குறையுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் 'பிசியோ எல்லாம் வேஸ்ட்' என்கிறார்கள்.

சம்பளமும் சட்டமும்

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், உங்களுக்குரிய டிஸ்பென்சரியில் காட்டி மருத்துவச் சான்று வாங்கலாம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை.

தொழில்நோய் என்ற பெயரில் இழப்பீடு கேட்பது இதைவிடக் கடினம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நாணுறை அழற்சியும் முழங்கை வலியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று 29 இருந்தன. ஈயம், பாதரசம், சிலிக்கா தூசு எல்லாம் இடம்பெற்றன, ஓயாத அசைவால் வரும் நாண் வலி இடம்பெறவில்லை. ஆகவே வலி வேலையால்தான் வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது. டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வலி தொடங்கிய தேதி, மேற்பார்வையாளரிடம் சொன்ன தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். ஓ.பி. சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.